தேயிலைக்குள் விழுந்தால் அவுட்

இங்கே கடலை உரித்துத் தோலைக் காலடியிலேயே போடலாம், யாரும் ஏசமாட்டார்கள். எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான். எங்கள் ஊர் என்று இந்த அமெரிக்கச் சிறுநகரத்தை எழுதிவிட்டேன். இலங்கை மலையகத்தில் நான் பிறந்து வளர்ந்த லிந்துலைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து இருக்கை டோனி ஓய்வுபெற்ற தபால்காரர். நகரத்து பேஸ்பால் வரலாறு முழுக்க அவர் வாயில் இருக்கிறது. முதல் அணி ஆற்றங்கரையில் ஆடியதாம். வெள்ளத்தில் மைதானம் போனது, பின்னாலேயே அணியும் வேறு ஊருக்குப் போனது. வெகுகாலம் கழித்து இன்னொன்று வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. இப்போதிருப்பது மூன்றாவது. மைனர் லீக் என்பதால் நன்றாக ஆடுகிறவனைப் பெரிய நகரம் கூப்பிட்டுக்கொள்ளும். "அவன் போவான், நாங்கள் அடுத்தவனுக்குக் கைதட்டுவோம்," என்றார். எங்கள் தோட்டத்துக் கிரிக்கெட் அணியும் அப்படித்தான். பந்து வீசியவன் கொழும்புக் கடைக்குப் போனான், விக்கெட் கீப்பர் கட்டாருக்குப் போனான், நான் இங்கே வந்தேன்.

முதல் ஆட்டத்தில் ஒருவன் பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். "ஐயோ, அவுட்!" என்று தலையில் கைவைத்தேன். டோனி என்னை முறைத்தார். இங்கே வேலியைத் தாண்டினால் ஹோம் ரன், அடித்தவன் கைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி வருவான். எங்கள் மைதானத்தைச் சுற்றித் தேயிலை, பந்து நேராகச் செடியில் விழுந்தால் அவுட், செடி முறிந்தால் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மைதானத்தையே மூடிவிடுவார் என்று விளக்கினேன்.

"அப்படியானால் உங்கள் ஊரில் பலசாலிகள் எல்லாம் தோற்பார்களா?" என்று கவலையோடு கேட்டார்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். என் கூட்டாளி செல்வம்தான் இப்போது கேப்டன். "ஒன் எடத்த யாருக்கும் குடுக்கல மச்சான். மூணு வருசமா பொங்கல் மேட்ச்சுல நம்ம தோட்டத்து மேல் டிவிஷன்கிட்ட தோக்குறோம். இந்த வாட்டி கப்பு நமக்குத்தான்," என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டத்தின் கடைசிப் பந்து, மட்டை என் கையில். இரண்டு ஓட்டம் வேண்டும். எதிர்முனையிலிருந்து செல்வம் கத்தினான்: "தட்டிட்டு ஓடு, போதும்!"

கை கேட்கவில்லை. பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து தேயிலைக்குள் விழுந்தது. நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, டோனி ஊர் வழக்கப்படி மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். அம்பயர் விரலைத் தூக்கினார். மேல் டிவிஷன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எங்கடா ஓடுற? அவுட்டுடா!" என்று திட்டத் தொடங்கிய செல்வமும் பாதியில் சிரித்துவிட்டான்.

பேஸ்பாலில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து தொட்டால்தான் ஓட்டம். மூச்சிரைக்க வந்து தொட்டேன். செல்வம் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.