கையுறை போட்டுத் தொடவேண்டிய துவக்கு

ஹேர்னிங் என்ற டேனிஷ் நகரத்தில் நாங்கள் வாங்கிய வீட்டில், சமையலறைக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. மீன், இறைச்சி உறையவைக்கிற என்னுடைய பெரிய பிறீசர் அங்கேதான் நின்றது. ஒரு சனிக்கிழமை காலை இவர் அதை இழுத்துக்கொண்டுபோய்க் கார் விடுகிற கொட்டிலில் வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"அந்தச் சுவர் ஒண்டுதான் உறுதியான சுவர். இரும்பு அலுமாரி ஒண்டு வருது. சுவரோட சேத்துப் பூட்டவேணும். பொலிசின்ர சட்டம்."

"இரும்பு அலுமாரி என்னத்துக்கு?"

"துவக்கு வைக்க."

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. தளபாடத் தொழிற்சாலையில் பலகைக்கு மெருகு பூசுகிற வேலை. நான் மீன் வெட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மனுசன். ஊரில் எந்த இயக்கத்தோடும் சேராமல், இருபது வயதில் தகப்பன் காணி விற்று அனுப்ப இங்கே வந்து சேர்ந்தவர். இப்படிப்பட்டவருக்குத் துவக்கு ஆசை வரும் என்று கலியாணம் பேசும்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆசையை மூட்டிவிட்டவர் இவரோடு வேலை செய்த ஒரு டேனிஷ்காரர். அவருடைய வீட்டில் ஒரு அறை முழுக்கப் பழைய படைச்சாமான்கள். இவர் முதலில் ஒரு தொப்பிச் சின்னம் வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு தண்ணீர்ப் போத்தல். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு சேகரிப்பவர்களின் சங்கத்தில் சேர்ந்தார், பொலிசுக்கு விண்ணப்பம் எழுதினார், மாதக்கணக்காய்க் காத்திருந்து அனுமதியும் எடுத்துவிட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவங்களை ஒருநாளும் நிரப்பாத மனுசன், அந்தப் படிவம் மட்டும் டேனிஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒரு பிழையில்லாமல் நிரப்பினார்.

துவக்கு வந்த நாளில் எங்கள் எல்லாரையும் மேசையைச் சுற்றி இருத்தினார். மரப்பெட்டி. திறந்தால் உள்ளே சிவப்பு வெல்வெட். அதில் படுத்திருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததன் ஞாபகமாக அமெரிக்காவில் ஒரு கொம்பனி கொஞ்சத் துவக்குத்தான் செய்ததாம். அந்தப் போரில் சிப்பாய்கள் வைத்திருந்த அதே மாதிரி. வால்நட் மரப்பிடி. இரும்பு நீலக்கறுப்பாக மினுங்கியது. விசைக்கு மேலே பொன் பூசி, கடலுக்குள்ளால் கரையேறி வருகிற சிப்பாய்களைச் செதுக்கியிருந்தார்கள். அடியில் ஒரு இலக்கம். கூடவே தடித்த தாளில் ஒரு சான்றிதழ்.

இவர் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்கினார்.

"இது சுடுமோ?" என்று கேட்டேன்.

"சுடும். ஆனால் சுடக்கூடாது. ஒரு வெடி வைச்சாலும் பெறுமதி போயிடும். இவ்வளவு காலமும் ஒருத்தரும் சுடேல்லை, அதுதான் இதின்ர விலை."

"சுடக்கூடாத துவக்கை ஏன் செய்யிறாங்கள்?"

"ஞாபகத்துக்கு."

"ஆரின்ர ஞாபகத்துக்கு? உங்கட அப்பாவின்ர ஞாபகத்துக்கு வீட்டில ஒரு படமாவது கொழுவியிருக்கிறீங்களே?"

"உமக்கு விளங்காது" என்றார். எங்கள் மகள் அப்போது ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் டேனிஷில் "பின்லிட்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். அந்த ஒரு விசயத்தில் நானும் அவளும் ஒத்துப்போனோம்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த கரைச்சல்களைச் சொல்லி முடியாது. மீன் எடுக்க வேண்டுமென்றால் பனிக்குள்ளால் கொட்டிலுக்கு நடக்கவேண்டும். மாதத்தில் ஒருநாள் எண்ணெய் பூசுகிறேன் என்று சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்வார். எங்கள் ஆட்கள் ஆராவது வந்தால் தோய்க்கிற அறைக் கதவைப் பூட்டிவைக்கவேண்டும். ஊரில் சண்டை நடக்கிற காலத்தில், ஒரு தமிழ் வீட்டில் துவக்கு இருக்கிறதாம் என்று ஒரு கதை கிளம்பினால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். இவருக்கு அதுவும் விளங்கவில்லை. "சட்டப்படி வைச்சிருக்கிறன்" என்பார், எதற்கும் அதுதான் மறுமொழி.

சண்டை முடிகிற அந்த வருடம் மாசியோடு என் தங்கச்சியின் தொலைபேசி நின்றுபோனது. வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். கடைசியாகக் கதைத்தபோது, கடற்கரைப் பக்கம் போகச் சொல்கிறார்கள், போகிறேன் என்றாள். பிறகு ஒன்றுமில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே ஒரு கிழவியைக் குளிப்பாட்டும்போதும், சாப்பாடு ஊட்டும்போதும் சட்டைப்பைக்குள் கிடக்கிற தொலைபேசியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

மே மாதத் தொடக்கத்தில் எங்கள் தெருவில் எல்லா யன்னல்களிலும் மெழுகுதிரி ஏற்றினார்கள். ஜெர்மன்காரரிடமிருந்து விடுதலை கிடைத்த மாலையை இந்த நாட்டில் அப்படித்தான் நினைப்பார்கள். இவரும் இரண்டு மெழுகுதிரி வாங்கிவந்து எங்கள் யன்னலில் வைத்தார். எனக்கு அன்றைக்கே நெஞ்சுக்குள் எரிந்தது. ஆனால் மெழுகுதிரியோடு யார் சண்டை பிடிப்பது என்று விட்டுவிட்டேன்.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு எல்லாம் முடிந்தது. அன்றைக்கு எனக்குக் காலை வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, செய்ய வேறொன்றும் தெரியாமல் மீனைத் தண்ணீரில் போட்டுக் கழுவத் தொடங்கினேன். இவர் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் நின்றார். காலையிலிருந்து செய்தி பார்த்துப் பார்த்து, ஏலாமல் போய், துவக்கை எடுத்து மேசையில் விரித்துவைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அப்போது ஹ்விடோவ்ரே என்ற ஊரில் இருக்கிற இவருடைய அண்ணை தொலைபேசி எடுத்தார். இவர் கதைத்துக்கொண்டே பின்வளவுக்குப் போனார். யன்னலுக்குள்ளால் பார்த்தேன். அப்படியே புல்லில் குந்தியிருந்துவிட்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

திரும்பினேன். மேசையில் அது கிடந்தது. பொன் பூசின சிப்பாய்கள் கடலுக்குள்ளால் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அது இந்த வீட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மீன் கழுவின ஈரக்கையாலேயே தூக்கினேன். எதிர்பார்த்ததைவிடப் பாரம். முன்வாசலால் வெளியே போய், குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து தலைகீழாகப் போட்டேன். அது நீளம், பாதிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூடியும் மூடவில்லை. திரும்ப இழுத்தெடுத்து, சரித்துப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை.

பக்கத்து வீட்டு டேனிஷ் மனுசி வேலியில் செடி வெட்டிக்கொண்டு நின்றவ. கத்திரியை அப்படியே பிடித்தபடி, "அது உண்மையான துவக்கோ?" என்று கேட்டா.

"ஓம். என்ர மனுசன்ர" என்று டேனிஷில் சொன்னேன்.

அவ தலையாட்டிவிட்டு, ஓடாமல் நடந்துதான், உள்ளே போனா. பொலிசுக்குச் சொன்னது அவதான், ஆனால் அவவில் பிழையில்லை. நான் துவக்கைத் தூக்கிக்கொண்டுவந்து மேசையில் பழையபடி வைத்தேன். கையைக் கழுவிவிட்டு மீனைத் தொடர்ந்து கழுவினேன்.

அரை மணித்தியாலத்துக்குள் பொலிஸ் வந்தது. ஒரு பெண்பிள்ளை, ஒரு பெடியன், இரண்டு பேருக்கும் எங்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. மரியாதையாகத்தான் கேட்டார்கள். இவர் சிவந்த கண்ணோடு பின்வளவிலிருந்து வந்து, என்ன ஏதென்று தெரியாமல் முழித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எங்கள் நாட்டில் இன்றைக்கு என்ன நடந்தது என்றும் சொன்னேன். அந்தப் பெண்பிள்ளை செய்தியில் பார்த்ததாகச் சொன்னாள். இவர் அனுமதிப் பத்திரங்களை எடுத்துவந்து கொடுத்தார்.

பெடியன் மேசைக்குக் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தான்.

"வடிவான சாமான்" என்றான்.

அதைக் கேட்டதும் இவர் தொடங்கிவிட்டார். எந்த வருடம் செய்தது, மொத்தம் எத்தனை செய்தார்கள், இந்த மரம் எங்கே வளர்கிறது, இது பூச்சுப் பொன், அது செதுக்கு. அழுத மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொல்கிறார். பெடியனும் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். என் தங்கச்சி உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத அந்த நாளில், என் சமையலறையில் நின்று இரண்டு ஆம்பிளைகள் வால்நட் மரத்தைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு வந்த விசருக்கு, மீன்சட்டியைத் தூக்கி இரண்டு பேரின் தலையிலும் கவிழ்த்திருப்பேன். அந்தப் பெண்பிள்ளை என்னைப் பார்த்தாள். தோளைக் கொஞ்சம் தூக்கி இறக்கினாள். அவளுக்கு விளங்கியது.

அனுமதி இல்லாத ஆளின் கைக்குத் துவக்கு போனதால் விசாரித்து முடியும்வரை தாங்கள் வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருக்கால் துடைத்துவிட்டுத் தரட்டோ என்று இவர் கெஞ்சினார். நேரமில்லை என்றார்கள்.

ஆடி மாதம் அகதி முகாமிலிருந்து தங்கச்சியின் கடிதம் வந்தது. வேறொரு ஆளின் கையெழுத்தில் நாலு வரி. இருக்கிறாள், ஒரு காது கேட்பது குறைவு, செருப்பும் சோப்பும் வேண்டும். நான் அந்தத் தாளைக் கொண்டு வீடு முழுக்க நடந்தேன்.

துவக்கு இலையுதிர் காலத்தில்தான் திரும்பிவந்தது, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு. இவர் கையுறையைப் போட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். நீலக்கறுப்பு இரும்பில் துருப் பிடித்துக் கறள். ஒரு பெருவிரல், நாலு விரல். ரேகைகூடத் தெரிந்தது. மீனின் உப்பும் தண்ணீரும் மாதக்கணக்காய் இருந்து தின்றிருக்கிறது.

"கையையாவது துடைச்சுப்போட்டுத் தூக்கியிருக்கலாம்" என்றார்.

"தொட்டியில போடப்போற சாமானுக்கு ஆர் கை துடைக்கிறது?"

நாலாம் நாள் நானே கேட்டேன், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். "இதில அப்பிடி என்னதான் கண்டீங்கள்?"

இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஊரில நான் கண்ட துவக்கெல்லாம் என்னைப் பாத்துத்தான் நீட்டிக்கொண்டிருந்தது. ஆமி, இந்தியன் ஆமி, எங்கட இயக்கப் பெடியள். ஒருக்கால் என்ர சைக்கிளைப் பறிக்க வயித்தில வைச்சு அமத்தினவங்கள். இது ஒண்டுதான் பெட்டிக்குள்ள படுத்திருந்தது. நான் தூக்கினாத்தான் எழும்பும். அவங்கட சண்டை முடிஞ்சுது, பொன் பூசிப் பெட்டியில வைச்சுப்போட்டுச் சனம் வேலைக்குப் போகுது. எங்கடதும் ஒருநாள் இப்பிடி முடியும் எண்டு நினைச்சன்."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் இன்னும் கோபம் வந்தது. இத்தனை வருடமும் இதைச் சொல்லாமல், பெறுமதி, இலக்கம், சான்றிதழ் என்று என் காதைத் தின்ற மனுசன்.

நாலு வருடத்துக்குப் பிறகு தங்கச்சி மூன்று மாத விசாவில் வந்தாள். இவர் முதல் நாளே அலுமாரிக்கு மேல் ஒரு மேசைவிரிப்பைப் போட்டு மூடினார். தோய்க்கிற அறையில் மேசைவிரிப்பு உடுத்திக்கொண்டு நிற்கிற அலுமாரியை எவள் கேட்காமல் விடுவாள். கேட்டாள். நான் சொன்னேன். பார்க்கவேண்டும் என்றாள். இவர் மாட்டேன் என்றார், பிறகு திறந்தார். கையுறையை அவளிடம் நீட்ட, அவள் வேண்டாம், நான் தொடவில்லை என்றாள். கேட்கிற காதை இவர் பக்கம் திருப்பிக்கொண்டு முழு விளக்கத்தையும் கேட்டாள்.

"ஏன் அத்தான், கரைக்கு வாற ஆக்களைத்தானே செதுக்கியிருக்கினம். கரையில இருந்த சனம் எங்க?"

இவர் குனிந்து பார்த்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார். அவள் அதைக் குத்திக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் படத்தைப் பார்த்துக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். பிறகு தேத்தண்ணி போடட்டோ என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் திரும்பிப் போன கிழமை இவர் விபோர்க்கில் இருக்கிற ஒரு கிழவருக்குத் தொலைபேசி எடுத்தார். சங்கத்து ஆள். சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அந்தக் கிழவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "ஆரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள்" என்றார்.

"ஓம். இவதான்" என்றார் இவர்.

கிழவர் என்னையும் துவக்கையும் மாறி மாறிப் பார்த்தார். மெருகு போட்டுக் கறளை எடுக்கலாம், ஆனால் பழைய பூச்சும் போய்விடும், அதன்பிறகு இது இன்னொரு துவக்குத்தான் என்றார். தான் அப்படியே வைத்திருக்கப்போவதாகவும், பெட்டியும் சான்றிதழும் கெடவில்லை, அதற்காகவே வாங்கலாம் என்றும் சொன்னார். இவர் பேரம் பேசவில்லை. பத்திரங்களில் கையெழுத்து வைத்தார்கள். இவர் கையுறையையும் மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

திரும்பி வருகிற வழியில் இவர் றோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். நான் இத்தனை வருடமாய்க் கேட்டது நடந்துவிட்டது, சந்தோசப்பட்டிருக்கவேண்டும். பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பார்த்தேன். மெருகெண்ணெய் ஊறி மஞ்சளாய்ப்போன நகம். எனக்கு அந்த மனுசனில் பாவமாக இருந்தது. இப்படிப் பாவப்பட வைத்துவிட்டாரே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

"பெற்றோல் நிலையத்தில கோப்பி குடிப்பமோ?" என்று கேட்டார்.

"ஓம், நிப்பாட்டுங்கோ" என்றேன்.