அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை

கோவிலம்பாக்கத்தில் குமரேசனும் அவன் தம்பி சிட்டிபாபுவும் அடித்துக்கொள்ளாத மாதம் இல்லை. ஒரு தீபாவளிக்கு அண்ணன் தம்பியின் பைக்கைக் கொளுத்தினான். பதிலுக்குத் தம்பி, அண்ணன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் டீசலைக் கொட்டினான். அப்பாவின் நெல் வயலில் இருவரும் சேர்ந்து ஒரு பட்டறை போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு வெட்டித் தருவார்கள். பாகம் பிரித்தபோது நடுவே ஹாலோபிளாக் சுவர் எழும்பியது. அச்சு வெட்டும் மெஷின் அண்ணன் பக்கம் போனது; வரைபடம் போடும் கம்ப்யூட்டர் தம்பி பக்கம் நின்றது. ஒன்று இல்லாமல் மற்றதற்கு வேலை இல்லை. அதனால் சுவரில் ஓட்டை போட்டு ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்தார்கள். பேச்சே இல்லாத இருவருக்கும் நடுவில் வரைபடங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

அந்தக் கேபிளை இழுத்தவள் சாராள். கிழக்குத் தாம்பரத்தில் வேதசிரோமணி வாத்தியாரின் மகள். குரோம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பல வருஷம் வேலை பார்த்தாள். கடை மூடியதும் ஸ்கூட்டியில் பட்டறை பட்டறையாகப் போக ஆரம்பித்தாள். இருபது வருஷத்துக்கு முந்தைய மெஷின்கள் கூடவே வந்த பழைய கம்ப்யூட்டரோடுதான் ஓடும். புதியதை வைத்தால் பேசாது. அவற்றைத் தொட ஆளில்லாததால் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் பையில் எப்போதும் நாலைந்து பழைய நெட்வொர்க் கார்டுகள் கிடக்கும்.

சித்திரை மாதத்து ஒரு முற்பகல். வரைபடம் வரவில்லை என்று குமரேசன் கூப்பிட்டான். அவள் போனபோது அவன் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தான்.

"அவன்தான்க்கா. ஒயர புடுங்கி வுட்டுட்டு கம்முனு குந்தினு கீறான்."

"இருங்கண்ணா, பாக்கலாம்."

அச்சு மெஷினோடு வந்த பழைய கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து பார்த்தாள். கார்டில் பச்சை விளக்கு எரிந்தது. கேபிள் அறுபடவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் கம்ப்யூட்டரைத் தன்னையே கூப்பிடச் சொன்னாள். உடனே பதில் வந்தது. சுவருக்கு அப்பால் இருப்பதைக் கூப்பிடச் சொன்னாள். நேரம் கடந்துவிட்டது என்ற வரியே திரும்பத் திரும்ப வந்தது.

"இன்னா காட்டுது?" அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டான்.

"அந்தப் பக்கத்துலேருந்து பதில் வரல."

எல்லா மெக்கானிக்கும் சொல்கிற சாதாரண வாக்கியம்தான். அவன் மேஜையிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பட்டறையில் ரெஞ்சோடு நடப்பவனை யார் கவனிப்பார்கள்?

சாராள் அடுத்த வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டரில் உள்ள கார்டுகளின் பட்டியலைத் திறந்தாள். நெட்வொர்க் கார்டின் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி நின்றது. கீழே அவள் போடாத ஒரு கார்டு. போன வாரம் யாரோ பிரின்டருக்காகச் செருகியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே எண்ணில் கம்ப்யூட்டரை அழைத்தன. அது புதியதற்கு மட்டும் காது கொடுத்தது. தம்பி பக்கத்திலிருந்து வந்த பதில்கள் இங்கேயே செத்துக்கொண்டிருந்தன. கண்ணால் பார்த்துவிடலாம் என்று திருகுகளைக் கழற்றிக் கேபினட்டின் பக்கத்துத் தகட்டை உருவினாள். அப்போது சுவருக்கு அப்பால் ஒரு பெண் அலறினாள்.

கையில் தகட்டோடே ஓடினாள்.

சிட்டிபாபு நாற்காலிக்கும் மேஜைக்கும் நடுவில் மல்லாக்கக் கிடந்தான். வாய் முழுக்க ரத்தம். ஒரு பல் தரையில் கிடந்தது. அவன் மனைவி ஜெயஸ்ரீ குமரேசனின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவள் வயிற்றில் உதைத்துவிட்டு மறுபடி ரெஞ்சை ஓங்கினான்.

"என் வேலைய நிறுத்துவியாடா? ஒயர புடுங்குவியா?"

"நான் புடுங்கலடா... சத்தியமா புடுங்கலடா..."

"அண்ணா, அவர் ஒண்ணும் பண்ணல! உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு!" என்று சாராள் கத்தினாள். அவன் காதில் அது விழவில்லை. அடி சிட்டிபாபுவின் தலையில் இறங்கப்போவதைப் பார்த்து இடது கையை நீட்டினாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

வலி வரும் முன்னே வலது கை வீசிவிட்டது. தகட்டின் விளிம்பு குமரேசனின் காதைக் கிழித்தது. அவன் ரெஞ்சைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். அவன் தோளில் அவள் இன்னொரு அடி கொடுத்தாள். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் முகத்தில் மூன்றாவதாக ஒன்று.

"போதும்க்கா! செத்துடப் போறாரு!" என்று ஜெயஸ்ரீ அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் சாராளின் கைக்குள் தகடு வைத்துத் திருகினார்கள். ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த அண்ணன் தம்பிகள் பல வருஷத்துக்குப் பிறகு அங்கேதான் பேசிக்கொண்டார்கள். கேஸ் ஆனால் வங்கிக்கடன் வராது, பட்டறை மூடிவிடும். போலீஸ் வந்ததும் இருவர் வாயிலும் ஒரே கதை: சிட்டிபாபு மெஷின் மேல் விழுந்துவிட்டான், தூக்கப் போன குமரேசனை இந்தப் பொம்பளை வெறிபிடித்து வெட்டிவிட்டாள்.

அவர்கள் சித்தப்பா சம்பத் சாராள் வீட்டுக்கு வந்தார். "நீ குடுத்த புகார நீ வாபஸ் வாங்கிக்கம்மா, அவுங்க குடுத்தத அவுங்க வாங்கிப்பாங்க. எதுக்கு கோர்ட்டு பேஜாரு?"

"என் கைய உடைச்சது யாருன்னு முதல்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க சார்."

அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஸ்டேஷனில் ஜெயஸ்ரீயை விசாரித்தார்கள். புருஷன் பக்கத்திலேயே நின்றான். அவள் தரையைப் பார்த்தபடி நடந்ததை நடந்தபடி சொன்னாள். முடிப்பதற்குள் சிட்டிபாபு இன்ஸ்பெக்டர் எதிரிலேயே அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் உதடு கிழிந்து மேஜைமேல் ரத்தம் தெறித்தது. இன்ஸ்பெக்டர் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினார். அதற்குமேல் அண்ணன் தம்பி சொன்னதை யாரும் நம்பவில்லை.

ஆனால் ஜெயஸ்ரீ எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது அடியையும் சொல்லியிருந்தாள். அதனால் குமரேசன் மேல் ஒரு வழக்கு, சாராள் மேல் ஒரு வழக்கு. ஜெயஸ்ரீ அதோடு பெருங்களத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சாராளுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கைக்கட்டோடு பஸ் ஏறிப்போய் ஒருமுறை பார்த்துவிட்டும் வந்தாள்.

சாராளின் கணவன் டேனியல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவன். வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, அவளுடைய கட்டுப்போட்ட கைக்குத் தலையணை வைத்துக்கொண்டே சொன்னான்: "பயத்துல கை தானா வீசிடுச்சுன்னு சொல்லச் சொல்றார். மூணு தடவையும் அப்படித்தானே?"

"முதல் ரெண்டு அப்படித்தாங்க."

"மூணாவது?"

"அது நல்லா இருந்துச்சு. இன்னும் ஒண்ணு குடுக்கலாம்னு இருந்துச்சு."

டேனியல் அவளையே பார்த்தான். பதினேழு வருஷத்தில் பிள்ளைகளைக்கூட அவள் அடித்ததில்லை.

"கோர்ட்ல கேட்டா?"

"அடிச்சேன்னு சொல்வேன்."

கை கூடியதும் சாராள் மறுபடி ஸ்கூட்டியை எடுத்தாள். அஸ்தினாபுரத்தில் ஓர் அச்சகம், அதே மாதிரி பழைய கம்ப்யூட்டர். முதலாளி பின்னால் வந்து நின்று, "இன்னா காட்டுது?" என்று கேட்டார். சாராள் திரும்பி, அவரைத் தன் கண்ணெதிரே வந்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காரும்வரை கீபோர்டில் கை வைக்கவில்லை.