தாகத்துக்குக் குடித்த சீனி

மாசாய் என்ற ஊரில் குடியிருக்கிறேன். பத்து வருடமாக எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. எனக்குக் கொரோனா வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அண்ணி போனில் அழுதார்.

"இனிப்பு நீர் உள்ளவங்க இதுல பொழைக்கிறது கஷ்டம்லா!"

"நான் செத்தப்புறம் அழுங்க, இப்ப போனை வைங்க" என்றேன்.

மாலையில் அண்ணி எங்கள் கேட்டில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போனார். காய்ச்சல் என்றால் இங்கே எல்லாரும் குடிக்கும் இனிப்பான காஸ் பானம், பத்து டின். சோறு இறங்கவில்லை, தெம்புக்கு அதைக் குடித்தேன். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. சாப்பிடாத உடம்பில் சீனி எப்படி ஏறும் என்ற வீம்பில் சீனி அளக்கும் மீட்டரைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. கணவர் என் கையைப் பிடித்து விரலில் குத்தினார். மீட்டரில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சீனி ஏறியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"கொரோனா வந்தா சாப்பிடலைன்னாலும் சீனி ஏறும்மா. நீங்க அதுக்கு மேல டின் டின்னா ஊத்தியிருக்கீங்க" என்றார் டாக்டர்.

பிழைத்து வந்தேன். வீம்பு மட்டும் போகவில்லை. இப்போது அதே வீம்போடு, உடம்பு லேசாகச் சுட்டாலே முதலில் விரலைக் குத்திப் பார்க்கிறேன். எண் கூடினால் உடனே கிளினிக்.

போன மாதம் மறுபடியும் காய்ச்சல். கேட்டில் அதே பையோடு அண்ணி. ஜன்னலிலிருந்தே கத்தினேன்:

"அதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க அண்ணி, ரசம் வச்சுக் கொண்டாங்க. நீங்க அழறதுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கு!"