கோமதி டீச்சர் கழற்றிய முரசு

மெய்ப்புப் பார்ப்பதற்காக என் மேசையில் வைக்கப்பட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்தான் கோமதி டீச்சரின் மறைவை அறிந்தேன். “அவசரம்க்கா, மத்தியானத்துக்குள்ள ஒட்டணுமாம்” என்றார் அச்சுக் கோப்பவர். ‘வரலாற்று ஆசிரியை’ என்பதில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதைத் திருத்திக் கொடுத்த பிறகே எனக்கு அழுகை வந்தது. வாசகர் வட்டத் தோழியரே, பிழையோடு தம் பெயர் மதுரைச் சுவர்களில் நிற்பதை அவர் பொறுத்திருக்க மாட்டார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நூலகங்களில் என்னை நானே வளர்த்துக்கொண்டவள் நான். அவர் என்னை ஒருநாளும் மாணவியாக நடத்தியதில்லை. சக வாசகியாகவே மதித்தார். ஊர் திரும்பிய அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் விட்டுச்சென்ற பழைய வண்ணப் படங்களை முதன்முதலில் என்னிடம்தான் பிரித்துக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரின்போது, வீட்டுச் சுவர்களில் மாட்டுவதற்கென்றே மலிவாக அச்சிட்டு விற்கப்பட்டவை அவை. பெரும்பாலானவற்றில் சிறுவர்கள், படையோடு முரசறைந்து சென்றவர்கள். ஒரு படத்தில், மீசை அரும்பாத பாலகன் தன் முரசின்மேல் சாய்ந்தபடி உயிர்விடுகிறான். கன்னம் சிவந்திருக்கிறது. கண்கள் வானை நோக்குகின்றன.

அந்தப் படத்தைத் தெற்குமாசி வீதியில் கண்ணாடிச் சட்டமிடக் கொடுத்திருந்தோம். வாங்கச் சென்றபோது, கண்ணாடியின்மேல் சந்தனப் பொட்டும் குங்குமமும் இருந்தன. மேலே சிவப்புச் சீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“கொஞ்ச வயசுலயே போயிருச்சே டீச்சரம்மா, உங்க தம்பியா?” என்றார் கடைக்காரர். “கலர் குடுத்தவன்தான் ரொம்ப வெளுத்துப்புட்டான். வெள்ளக்காரப் புள்ள கணக்கா இருக்கு.”

“வெள்ளக்காரப் புள்ளதாண்ணே!” என்று டீச்சர் சிரித்துவிட்டார்.

“அடடா! அப்ப பொட்ட அழிச்சிரவா?”

“வேணாம்ணே. இருக்கட்டும்.”

வீதியில் நடந்துகொண்டே சொன்னார்: “அவர் மேல தப்பே இல்ல. கும்பிடணும்னுதான் இந்தப் படத்த அடிச்சிருக்காங்க. நூறு வருசம் கழிச்சு, நம்ம ஊர்ல வந்து பலிச்சிருச்சு பாருங்க.”

திருமங்கலம் சாலையில் இருந்த தனியார் பள்ளி ஒன்றில் பல்லாண்டுகளாக அவர் தற்காலிக ஆசிரியை. படுக்கையில் கிடந்த தாயாரின் மருத்துவம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. ஆசிரியர் அறையில் அவர் மாட்டியிருந்த அப்படத்தைக் கண்ட தாளாளர் மெய்ம்மறந்து, ஆண்டு விழாவுக்காக அதைப் பெரிய துணியில் தீட்டச் செய்தார். ‘வீரச் சிறுவன்’ என்று கீழே எழுதுவித்தார். காக்கி உடுத்து, கழுத்தில் முரசு மாட்டிய மாணவர்களை அதன்முன் நிறுத்தினார்.

“உசத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க டீச்சர். உங்க நிரந்தர ஆர்டர் ரெடியா இருக்கு. மேடையிலயே குடுத்துர்றேன்” என்றார்.

டீச்சர் அழைத்திருந்ததால் நானும் சென்று, தாய்மார்களிடையே அமர்ந்திருந்தேன். அவர் ஒலிவாங்கியின் முன் வந்து, படத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

“தாய்மாரே, இந்தப் பிள்ளை சட்டையில ஒரு பித்தான்கூட அறுந்து போகல, பார்த்தீங்களா? சேறு இல்ல, ரத்தம் இல்ல. நிஜத்துல, அடிபட்டுக் கிடந்தவங்களத் தூக்குனதும் இந்தப் பிள்ளைகதான். அவங்க கால டாக்டர் அறுத்தெடுக்கையில பக்கத்துல நின்னதும் இந்தப் பிள்ளைகதான். அதப் படமாப் போட்டா எந்த அம்மா வாங்கி மாட்டுவா? அதனாலதான் இவன இம்புட்டு அழகாச் சாக வச்சிருக்காங்க.”

எனக்குப் பின்னாலிருந்து ஒரு தாய் எழுந்தார்.

“நல்லாத்தான் பேசுறீக! அப்ப எம் மகன் கழுத்துல எதுக்கு இந்த முரச மாட்டி விட்டிருக்கீக?”

டீச்சர் வாதாடவில்லை. “நீங்க கேக்குறது சரிதான்க்கா” என்று, நேராக அந்தச் சிறுவனிடம் போய் முரசின் வாரை அவிழ்த்துத் தரையில் வைத்தார். அடுத்தவனிடம் நகர்ந்தார்.

ஒலிவாங்கிக்கு அருகே வந்த தாளாளர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஒலிபெருக்கி அதையும் எங்களுக்குக் கொண்டுவந்தது. “டீச்சர், ஆர்டர் என் பையில இருக்கு. யோசிச்சுச் செய்யுங்க.”

“தெரியும் சார்.”

திரும்பும் பேருந்தில், “நாளைக்குத் தனியாச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். “நாளைக்குன்னா, பையங்க அம்புட்டுப் பேரும் அந்தப் படத்தக் கும்பிட்டுட்டுல்ல வீட்டுக்குப் போயிருப்பாங்க” என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, “அம்மாகிட்டதான் எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல” என்றார்.

அடுத்த ஜூனில் அவருக்கு அந்தப் பள்ளியில் வேலை இல்லை. சிம்மக்கல் அருகே தனிப்பயிற்சி வகுப்புகளில் நாளெல்லாம் நின்று கற்பித்து, தாயாரை இறுதிவரை காத்தார். அந்த மேடையைப் பற்றி அவர் பெருமையாகவும் பேசியதில்லை, வருந்தியும் பேசியதில்லை.

சொற்களைச் செம்மையாக அடுக்குவதையே துணிவு என்று எண்ணியிருந்தவள் நான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வதோ இரண்டே சொற்கள். ‘தெரியும் சார்’ என்று அவர் சொன்னபோது, இரண்டாம் சிறுவனின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்த விரல்கள் ஒரு கணமும் நிற்கவில்லை.