தம்பியின் முகத்தை வழித்தவள்

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு நிலவறையில் எனக்கு ஓவியம் பழக்கியவள் ஓர் அமெரிக்கக்காரி. நோர்வேக்காரனைக் கட்டி இங்கே வந்தவள். பிறகு அவனை விட்டாள், ஊரை விடவில்லை. வரைபவர் எந்த இடத்தை அழகாக்கிவிட்டு ரசித்துக்கொண்டு நிற்கிறாரோ, அந்த இடத்தையே சாயக் கத்தியால் வழித்தெறிவாள். நல்ல ஆசிரியைதான். சில நாட்களில் ஓங்கி ஒன்று போடலாமா என்றிருக்கும்.

எங்களிடம் தம்பியின் படம் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊரில் ஆமி அவனைப் பிடித்துப்போன மறுமாதம் வீடு ஷெல்லடியில் எரிந்தது. பிடித்தபோது அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தாலே அம்மா எழும்பிப் போய்விடுவார். ஒஸ்லோவில் இந்த அம்மருட் வீட்டுக்கு வந்த பிறகும் அவனுக்குத் திவசம் செய்ததில்லை.

"தம்பியைக் கீறித் தா பிள்ளை. அவன் திரும்பி வரேக்கை காட்டுவம்," என்று ஒருநாள் கேட்டார்.

சிரித்த முகமாக வரைந்தேன். படத்தில் யாரென்று அமெரிக்கக்காரி கேட்டாள். ஆமி பிடித்துப்போன தம்பி என்றேன்.

"கடைசியாக நீ பார்த்தபோது சிரித்துக்கொண்டா இருந்தான்?"

கேட்டபடியே படத்தின் நெற்றியிலிருந்து நாடிவரை கத்தியை இழுத்தாள். எனக்குக் கண்மண் தெரியவில்லை. கையை முறுக்கி அவளைச் சுவரில் தள்ளினேன். அவள் உதடு வெடித்து இரத்தம் வந்தது. அப்போதும் என் கொதி அடங்கவில்லை.

அவள் இரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"என் அப்பா பெல்ட்டால் அடிப்பார். பல வருடம் அவரை நல்ல மனிதராகவே வரைந்தேன். ஒரு படத்திலும் அவர் இல்லை."

கீழே விழுந்த கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அந்தக் கத்தியாலேயே சாயத்தை அப்பினேன். துவக்குப் பிடியால் உடைத்த மூக்கு, வீங்கி மூடிய இடது கண், கிழிந்த வாய். நானே அவனைத் திரும்பவும் அடிப்பதுபோல இருந்தது.

அம்மாவுக்குக் காட்டும் எண்ணம் இருக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் கொண்டுபோகும்போது கதவைத் திறந்ததே அவர்தான். படத்தைப் பார்த்தார்.

"இப்பிடியே கொண்டு போனவங்கள்?"

"ஓம் அம்மா."

உள்ளே போய்ச் சாமித்தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்து வந்தார். சாயம் காயவில்லை என்று சொல்வதற்குள் தம்பியின் நெற்றியில் பொட்டு வைத்தார். விரலில் ஒட்டிய சிவப்பைச் சேலையில் துடைத்தார்.

"செத்த நாள் தெரியாட்டில் எண்டைக்குத் திவசம் செய்யிறதெண்டு ஐயரைக் கேள் பிள்ளை."