கொறச்சு மெமரி

ஓணத்துக்கு முந்தைய வாரம். ஆரியசாலையில் அண்ணாச்சியின் மளிகை மொத்தக் கடையில் பில்லிங் நின்றுவிட்டது என்று செலின் போனில் அழுதாள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்குக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே எங்கள் மலையாளி முதலாளி, அத்தனை பேர் முன்னாலும் செலினைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மெமரி கூட்டான் பறஞ்சா கொறைக்குமோ? நாளைலேர்ந்து நீ வேலைக்கு வரவேண்டா!"

செலின் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எங்கள் சர்வீஸ் ஆபீஸில் சேர்ந்து சில மாதங்கள்தான். இந்த வேலை போனால் ஊருக்குத் திரும்பி, வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும்.

அண்ணாச்சியின் பில்லிங் சாப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்போல ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின் (வி.எம்.) போட்டு, அதில் பழைய விண்டோஸை ஏற்றியிருந்தோம். உள்ளே இருக்கும் மெஷினுக்குச் சொந்த மெமரி கிடையாது. வெளியே இருப்பதில் பங்கு பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். மொத்தம் இருந்தது எட்டு ஜி.பி.; உள்ளே கொடுத்திருந்தது இரண்டு.

"சார் என்ன சொன்னாரு?" என்று செலினிடம் கேட்டேன்.

"வி.எம்.முக்குக் கொறச்சு மெமரி கொடுன்னாருக்கா. ஏற்கெனவே ஸ்லோவாத்தான இருக்கு, எதுக்குக் கொறைக்கணும்னு கேட்டேன். பறஞ்சத செய்யின்னு போன வச்சிட்டாரு. அரை ஜி.பி. ஆக்குனேன். அதோட நின்னுட்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மலையாளத்தில் 'கொறச்சு' என்றால் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் கொடு என்று அவர் சொல்லியிருக்கிறார். தமிழ்க் காதுக்கு அது 'குறைத்து' என்று விழும். எங்களிடம் பாதி தமிழ், பாதி மலையாளம் என்று கலந்தடிக்கிற மனிதர், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பொறுமையில்லாமல் போனை வைத்துவிட்டு, இப்போது ஒரு பெண்ணை நிற்கவைத்து மானத்தை வாங்குகிறார்!

அதோடு விட்டாரா? தானே உட்கார்ந்து, திரையில் மெமரி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரைச் சிவப்புக் கோட்டின் கடைசிவரை இழுத்து, ஏறக்குறைய எட்டையும் உள்ளே தூக்கிக் கொடுத்திருந்தார். பச்சைக் கோடு வரைதான் கொடுக்கலாம். சிவப்பில் போனால் வெளி மெஷினுக்கு மூச்சுவிட மெமரி இருக்காது. மவுஸ்கூட நகரவில்லை. அந்தப் பழியும் செலின் தலையில்.

பவர் பட்டனை அழுத்தி நிறுத்தி, மறுபடி ஆன் செய்து, உள்ளே நான்கு ஜி.பி. வைத்தேன். பில் வர ஆரம்பித்தது.

"சரியாச்சல்லோ, போகாம்," என்று கிளம்பினார் முதலாளி.

"போக முடியாது சார். தப்பு உங்க பேர்லன்னு இங்கயே சொல்லுங்க. இல்லன்னா நாளைக்கு நானும் வரமாட்டேன்."

"லதே, கஸ்டமர் முன்னால வச்சோ?"

"கஸ்டமர் முன்னாலதானே திட்டுனீங்க?"

அண்ணாச்சி பில் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பு என்டேதான். செலின் நாளைக்கு வரட்டும்," என்று முணுமுணுத்தார்.

செலின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சத்தமா சொல்லுங்க சார். திட்டுனது தெருவுக்கே கேட்டுச்சு."

சொன்னார். தெருவுக்குக் கேட்கவே சொன்னார்.

சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, மெமரி எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள், வார்த்தையில் வாங்காதீர்கள். வெளி மெஷினுக்குப் பாதியாவது விட்டு வையுங்கள். செய்யாத தப்புக்கு யாராவது திட்டினால், திட்டிய இடத்தை விட்டு அவரை நகர விடாதீர்கள்.