எறும்புகள் பிரித்த வயல்

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் எடுப்பவள். அந்தத் தை மாத விடுமுறைக்கு, குத்தாலம் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு எறும்புகளோடு போயிருந்தேன். எல்லாம் என் லேப்டாப்புக்குள் இருந்த எறும்புகள். புள்ளிகளைப் பங்கு பிரிக்க நான் எழுதிய புரோகிராம் அது. ஒவ்வொரு எறும்பும் ஒரு விதமாகப் பிரித்துப் பார்க்கும். நல்ல பங்கு கிடைத்த தடத்தில் வாசனையை விட்டுப் போகும். மற்றத் தடங்களின் வாசனை மெல்ல ஆவியாகிவிடும். விளைந்த நெல் மணக்கும் மதியத்தில் அவை திரையில் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால், நானும் அவற்றோடு எங்கோ போய்விடுவேன்.

ஊருக்கு இரண்டு அறுவடை மெஷின்கள் வந்திருந்தன. வானமோ மூடிக்கொண்டு வந்தது. எந்த மெஷின் எந்த வயலுக்கு என்று ஒரே பேச்சு. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வயல்களைப் புள்ளிகளாக்கி எறும்புகளிடம் விட்டேன். வேலை சரிபாதி, மெஷினுக்கு அலைச்சல் குறைவு. "பங்கு கச்சிதமா இருக்குக்கா" என்று பீற்றிக்கொண்டேன். எறும்புகள் போட்டது என்று சொல்லி நான் கொடுத்த பட்டியலில், ஊர்க்காரர்கள் அவரவர் முறையை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

அக்காவுடையது உள்வயல், பள்ளம். சாலையை ஒட்டிய முன்வயலை அறுத்த பிறகுதான் அதன் வழியாக மெஷின் அங்கே இறங்க முடியும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், என் எறும்புகளுக்குத் தெரியாது. அவை முன்வயலை இன்னொரு மெஷினுக்கு, அதுவும் கடைசியாக, ஒதுக்கியிருந்தன. அக்காவுக்கு வந்த மெஷின் சாலையிலேயே உறுமிக்கொண்டு நின்றது. அக்கா என்னைத் திட்டவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்வயல்காரர் கல்ஃபிலிருந்து திரும்பி வந்தவர். அது அவருடைய முதல் விளைச்சல்.

"பள்ளத்துல தண்ணி நின்னா மெஷின் இறங்காதுங்க. என் வயல்ல ஒரு தடம் மட்டும் அறுத்துக்கிட்டு உள்ள போங்க. என்னுது மேடுதான், அப்புறம் ஆகட்டும்" என்றார்.

அக்காவின் நெல் தார்ப்பாய்க்குள் போன கையோடு மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை.

நான்காம் நாள் காலை அவரோடு வரப்பில் நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. அவருடைய நெல் மொத்தமும் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டிருந்தது. நடுவில் அறுத்த தடம் மட்டும் நேராக அக்காவின் வயலுக்குப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்த எறும்புங்க தப்பான வழியில போயிட்டா என்ன பண்ணும் டீச்சர்?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"அந்த வழியோட வாசனை போயிடும்ங்க. அதுங்களுக்கு மறந்துடும்."

"நல்லதுதான்" என்றபடி குனிந்து, சாய்ந்த கதிர்களை நிமிர்த்திப் பார்த்தார்.

முளைத்த நெல்லின் அந்தப் புளிச்ச வாசனை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.